வைட்டமின் பி1-ஐக் கண்டுபிடித்தவர் யார்? விடுபட்டுப்போன ஒரு பெயரும் புழுங்கல் அரிசியும்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வைட்டமின் பி1-ஐக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பொது அறிவு நூலில் எய்க்மான் பெயர் இருக்கிறது. இன்னொன்றில் ஃபங்க், வேறொன்றில் சுசுகி என்ற ஜப்பானியர். எதை எழுதுவது? பெரிபெரி நோய் தமிழர்களை அதிகம் தாக்காததற்குப் புழுங்கல் அரிசிதான் காரணம் என்று எங்கள் ஆசிரியர் ஒருமுறை சொன்னார். அது உண்மையா?

பதில்:

முதலில் தேர்வுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 'வைட்டமின்' என்று பெயர் வைத்தவர் யார் என்று கேட்டால் காசிமிர் ஃபங்க், 1912. பெரிபெரி ஆய்வுக்கு நோபல் பரிசு பெற்றவர் என்றால் கிறிஸ்டியான் எய்க்மான், 1929. பி1-ஐத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் என்றால் யான்சன், டோனாத், 1926. அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தவர் என்றால் ராபர்ட் வில்லியம்ஸ், 1936. கேள்வியில் வெறுமனே 'கண்டுபிடித்தவர்' என்று இருந்தால், கொடுத்துள்ள நான்கு பெயர்களில் இவர்களில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார்.

உங்கள் ஆசிரியர் சொன்னதும் உண்மை. அதைத் தனியாக விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மலாயாவில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களின் சோற்றுத் தட்டு இந்தக் கதையில் ஒரு முக்கியமான சாட்சி.

ஆனால் மேலே சொன்ன பட்டியலில் யாருடைய பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேனோ, அவர் பெயர் எந்தப் பொது அறிவு நூலிலும் என் கண்ணில் பட்டதில்லை. கெரிட் கிரைன்ஸ். இந்த நோயின் வரலாற்றில் ஏறத்தாழ எல்லோரும் குற்றவாளியைச் சரியாகச் சுட்டிக்காட்டினார்கள்: தீட்டிய வெள்ளை அரிசி. ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தவறான விடையைச் சொன்னார்கள். காரணத்தை முதலில் சரியாகச் சொன்னவர் கிரைன்ஸ். அது நடந்த ஆண்டு 1901. அவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்பதைப் புரிந்துகொள்ள, அவருக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

வைட்டமின் பி1 குறைவதால் வருவது பெரிபெரி. அது இரண்டு விதமாக வரும். ஒரு வகையில் நரம்புகள் கெடும். பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் வலிக்கும், பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் நடை தளரும், கடைசியில் எழுந்து நிற்கவே முடியாது. இன்னொரு வகையில் இதயம் தளர்ந்து உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும். மூச்சு முட்டி, சில நாட்களில் உயிர் போவதும் உண்டு. பால் குடிக்கும் குழந்தைகளுக்கும் வரும். தாய்க்குக் குறை இருந்தால் தாய்ப்பாலிலும் குறை இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை அழக்கூடச் சத்தம் வராமல் இறந்துபோகும். 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து வந்த பெயர் இது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் போன்டியஸ் எழுதிய குறிப்பு 1642-இல் அச்சாகியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த மால்கம்சன் 1835-இல் இந்த நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆகவே நோய் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அது ஆசியா முழுவதும் பெருகியதுதான் புதிது. அதே காலத்தில்தான் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகளும் பரவின. உரலும் உலக்கையும் கொண்டு குத்தினால் தவிடு கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையோ அரிசியைப் பளிச்சென்று தீட்டித் தந்தது. அதுவரை வசதியானவர்களுக்கு மட்டும் கிடைத்த வெண்மை, கூலித் தொழிலாளிக்கும் சிப்பாய்க்கும் சிறைக் கைதிக்கும் எட்டியது.

ஜப்பானில் இதன் பெயர் கக்கே. எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களுக்கு வரும். கிராமத்துக்குத் திரும்பினால் குணமாகும். அதனால் மக்கள் அதை 'எடோ நோய்' என்றே அழைத்தார்கள். கடற்படையில் இது பெரும் தொல்லையாக இருந்தது. லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய கனெஹிரோ தகாகி என்ற கடற்படை மருத்துவர் உணவின் மீது சந்தேகப்பட்டார். 1882-இல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் வழியாக நீண்ட பயிற்சிப் பயணம் போன ர்யூஜோ என்ற கப்பலில் 376 பேர் இருந்தார்கள். அவர்களில் 169 பேருக்கு நோய் வந்தது. 25 பேர் இறந்தார்கள். தகாகி அரசாங்கத்தோடு போராடி, 1884-இல் த்சுகுபா என்ற இன்னொரு கப்பலை அதே பாதையில் அனுப்ப வைத்தார். இந்த முறை இறைச்சி, பால், ரொட்டி, காய்கறி எல்லாம் சேர்த்த உணவு. ஒருவரும் இறக்கவில்லை. நோய் கண்ட சிலரும் புதிய உணவை முழுமையாக ஏற்காதவர்கள். அடுத்த ஆண்டு கடற்படையில் வாற்கோதுமை கலந்த சோறு நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கடற்படையில் கக்கே ஏறத்தாழ இல்லாமல் போனது.

ஆனால் தகாகி சொன்ன காரணம் என்ன? புரதம் போதவில்லை என்றார். அது தவறு. அந்தத் தவறுதான் பிறகு பெரிய விலை கேட்டது. ஜெர்மன் மருத்துவப் பள்ளியைப் பின்பற்றிய ராணுவ மருத்துவர்கள் தகாகியின் விளக்கத்தில் ஓட்டை இருப்பதைச் சரியாகவே பார்த்தார்கள். விளக்கம் தவறு என்பதால் உணவு மாற்றமும் பயனற்றது என்று முடிவு கட்டினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் மோரி ரிந்தாரோ. ஜப்பானிய இலக்கியத்தில் மோரி ஓகாய் என்று இன்று போற்றப்படும் எழுத்தாளரும் இவரேதான். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் ராணுவம் வெள்ளை அரிசியோடு போனது. சுமார் 27,000 வீரர்கள் பெரிபெரியால் இறந்தார்கள். கடற்படையில் அந்த நோய் சொற்பமாகவே இருந்தது. ஒரே நாடு, ஒரே போர். இருபது ஆண்டுகளாகக் கண் முன்னால் நின்ற சான்று. மருத்துவ வரலாற்றில் இதைவிட வேதனையான பிடிவாதத்தை நான் படித்ததில்லை.

(பொது அறிவுக்கு ஒரு சின்னச் செய்தி: 1908-இல் வந்த ஜப்பானியக் கடற்படைச் சமையல் கையேட்டில் கறிச் சோறு இடம்பெற்றது. ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குப் போன அந்தக் கறியில் கோதுமை மாவு, இறைச்சி, காய்கறி எல்லாம் சேரும். இன்றும் ஜப்பானியக் கடல்சார் தற்காப்புப் படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறிச் சோறுதான்.)

இப்போது ஜாவாவுக்கு வருவோம். டச்சுக்காரர்கள் அச்சே பகுதியோடு நடத்திய நீண்ட போரில் பெரிபெரி படையை முடக்கியதால், 1886-இல் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பினார்கள். பாஸ்டரும் கோக்கும் கிருமிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த காலம் அது. எந்த நோய்க்கும் பின்னால் ஒரு கிருமி இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. குழுவும் ஒரு கிருமியைக் குற்றம் சாட்டிவிட்டு ஊர் திரும்பியது. கூட வந்த இளம் மருத்துவர் எய்க்மான், படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ மருத்துவமனை வளாகத்திலிருந்த சிறிய ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் அங்கேயே தங்கினார்.

நோயாளிகளிடமிருந்து கோழிகளுக்குக் கிருமியை ஏற்றிப் பார்ப்பது அவர் திட்டம். 1889-இல் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. ஆனால் ஊசி போட்ட கோழிகளோடு, ஒப்பிடுவதற்காக ஒன்றும் செய்யாமல் விட்ட கோழிகளும் சேர்ந்து தள்ளாடின. கொஞ்ச மாதம் கழித்து எல்லாமே தாமாகக் குணமாகிவிட்டன. குழப்பத்தில் விசாரித்தபோது தெரிந்தது இதுதான். செலவை மிச்சம் பிடிக்க, ஆய்வுக்கூட ஊழியர் ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார். பிறகு சமையல்காரர் மாறினார். ராணுவத்து அரிசியைக் குடிமைப் பிரிவுக் கோழிகளுக்குத் தர முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகளுக்குப் பழையபடி தீட்டாத அரிசி கிடைத்தது, எழுந்து நடந்தன. நோபல் உரையில் எய்க்மானே இந்த நிகழ்வைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு திட்டமிட்டே வெள்ளை அரிசி கொடுத்து நோயை வரவழைத்தும், தவிடு கொடுத்து நீக்கியும் காட்டினார்.

கோழிக்கு வந்தது மனிதனுக்கும் பொருந்துமா? இதற்கு விடை சொன்னவர் ஜாவாவின் சுகாதார ஆய்வாளர் அடோல்ஃப் வோர்டர்மன். எய்க்மான் கேட்டுக்கொண்டபடி, தீவின் சிறைகளில் எந்த அரிசி போடுகிறார்கள், எத்தனை பேருக்கு பெரிபெரி என்று கணக்கெடுத்தார். 101 சிறைகள், ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவருக்கு நோய். கலப்பு அரிசி போட்ட இடங்களில் 416 பேருக்கு ஒருவர். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர். இதோடு அவர் நிற்கவில்லை. கட்டடத்தின் வயது, காற்றோட்டம், தரை ஈரம் உறிஞ்சுமா, நெரிசல் எவ்வளவு என்று அந்தக் காலத்தில் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் தொடர்பில்லை, அரிசிக்கு மட்டும் தொடர்பு இருந்தது. புள்ளியியல் கற்பிக்கிறவர்கள் மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய கணக்கெடுப்பு இது.

சரி, எய்க்மான் சொன்ன காரணம்? அரிசியின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். இதுவும் தவறு. உடல்நலம் கெட்டு 1896-இல் அவர் நாடு திரும்பினார். அவர் இடத்தில் ஆய்வைத் தொடர்ந்தவர்தான் கிரைன்ஸ்.

கிரைன்ஸ் செய்த சோதனைகள் எளிமையானவை. மாவுச்சத்து நஞ்சு என்றால், மாவுச்சத்தே இல்லாத உணவில் நோய் வரக்கூடாது. அவர் அழுத்தக்கலனில் நெடுநேரம் சூடாக்கிய இறைச்சியை மட்டும் கோழிகளுக்குக் கொடுத்தார். அரிசியே இல்லை, ஆனாலும் நோய் வந்தது. ஆக, நஞ்சு என்ற விளக்கம் நிற்கவில்லை. அடுத்து, வெள்ளை அரிசியோடு பச்சைப் பயறு சேர்த்துக் கொடுத்தார். கோழிகள் நலமாக இருந்தன. தவிட்டுக்கும் அரிசிக்கும் இடையே மட்டும் நடக்கும் நஞ்சு-மாற்று மருந்து விவகாரமாக இருந்தால், பயறுக்கு அங்கே என்ன வேலை? 1901-இல் அவர் எழுதிய முடிவின் சாரம் இது: இயற்கை உணவுகளில் சில பொருட்கள் இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் நரம்பு மண்டலம் கெடும், அவை எளிதில் சிதையக்கூடியவை. உடலுக்குள் ஒன்று புகுந்ததால் மட்டும் நோய் வருவதில்லை, ஒன்று வந்து சேராததாலும் வரும் என்ற எண்ணம் அதற்கு முன் இவ்வளவு தெளிவாக ஒரு சோதனையின் முடிவாக வைக்கப்பட்டதில்லை. எய்க்மானே சில ஆண்டுகள் கழித்து அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் கிரைன்ஸ் எழுதியது டச்சு மொழியில், கிழக்கிந்தியத் தீவுகளின் மருத்துவ இதழில். உலகம் அதைப் படிக்கவில்லை. 1929 நோபல் பரிசு எய்க்மானுக்கும், பாலில் உள்ள துணைச் சத்துகளை ஆய்ந்த ஆங்கிலேயர் ஹாப்கின்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிரைன்ஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார்; 1944-இல்தான் காலமானார். எய்க்மானுக்குப் பரிசு கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வழியைத் திறந்தவர் அவர். ஆனால் அந்த மேடையில் கிரைன்ஸ் இல்லாதது அநியாயம் என்றே கருதுகிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பெரிபெரி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே வெயிலில், அதே மழையில், அவர்களைவிடக் குறைந்த கூலிக்கு வேலை செய்த தமிழர்களுக்கு நோய் அரிதாகவே வந்தது. இதைக் கூர்ந்து கவனித்தவர் அங்கே பணியாற்றிய மருத்துவர் பிராடன். அவர் 1907-இல் வெளியிட்ட நூலில் வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து வந்த, பச்சையாகவே ஆலையில் தீட்டிய அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திய பிறகு அரைத்த புழுங்கல் அரிசி. இனமோ தட்பவெப்பமோ கூலியோ காரணமல்ல. தமிழர்கள் செழிப்பாகச் சாப்பிட்டதால் தப்பவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்துக் குடியிருப்புகளில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொன்றுகொண்டுதான் இருந்தன. இந்த ஒரு நோய் மட்டும் அவர்களை விட்டுவைத்தது. பிராடன் சொன்ன காரணமும் தவறுதான்: பச்சரிசியில் ஒரு பூஞ்சை நஞ்சு உண்டாகிறது என்றார்.

அந்த நூல் வருவதற்கு முன்பே அவர் சொல்லிவந்த கருத்தை நம்பாத ஒருவர் அதைச் சோதித்துப் பார்த்தார். கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஃபிளெட்சர், 1905-இல் நோயாளிகள் அனைவரையும் வரிசையில் நிறுத்தி எண்ண வைத்தார். ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்கள் ஒரு கட்டடம், இரட்டைப்படை எண்ணில் வந்தவர்கள் அதே போன்ற இன்னொரு கட்டடம். ஒரு பக்கத்துக்குச் சயாம் வெள்ளை அரிசி, மறு பக்கத்துக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. நோய் கட்டடத்தில்தான் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயம் தீர, பாதியில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பலர் நோயுற்று, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத மனிதர்கள் மீது அது நடந்தது என்பதையும், அந்தப் பதினெட்டுப் பேரின் உயிர் கொடுத்த பாடம் பிறகு பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அதன் பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே முடிவைக் கண்டார்கள். நஞ்சு எதுவும் இல்லை, ஆலை தீட்டும்போது அரிசியிலிருந்து எடுத்துவிடுகிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்றும் 1909-இல் காட்டினார்கள்.

புழுங்கல் அரிசிக்குள் நடப்பது என்ன? பி1, அதாவது தயமின், நெல்லின் உமியிலும் இல்லை, நடுவிலிருக்கும் வெள்ளை மாவுப் பகுதியிலும் அதிகம் இல்லை. தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலும்தான் குவிந்திருக்கிறது. அது நீரில் கரையும். நெல்லை ஊறவைக்கும்போது கரைந்து, அவிக்கும்போது உள்ளே மாவுப் பகுதிக்குள் இறங்குகிறது. அவித்த சூட்டில் மாவு இறுகிக் கண்ணாடி போலாகி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் தவிட்டை நீக்கினாலும் உள்ளே போனது போகாது. பச்சரிசியில் தவிட்டோடு எல்லாம் போய்விடும்.

இந்திய உணவுகளின் சத்து அட்டவணை தரும் கணக்கைப் பாருங்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 0.06 மில்லிகிராம் தயமின். ஆலையில் அரைத்த புழுங்கல் அரிசியில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21. தவிட்டில் 2.7. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமாராக ஒன்றேகால் மில்லிகிராம் வேண்டும். கூலித் தொழிலாளி ஒருவர் நாளுக்கு அரைக்கிலோ அரிசிச் சோறும் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஏதோவும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி என்றால் 0.3 மில்லிகிராம், புழுங்கல் என்றால் 1 மில்லிகிராமுக்கு மேல். உயிருக்கும் சாவுக்கும் இடையிலிருந்த தொலைவு அந்த முக்கால் மில்லிகிராம்தான். உடலில் தயமின் இருப்பு மொத்தமே சுமார் 30 மில்லிகிராம். வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்கும் வேலையில் தயமின் நேரடியாகப் பங்கெடுக்கிறது. ஆகவே சோறு கூடக் கூட அதன் தேவையும் கூடும். வேறு உணவு இல்லாமல் வெள்ளைச் சோற்றை மட்டும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கே நோய் வந்ததற்கு இதுதான் காரணம். நரம்பும் இதயமும் ஆற்றலை இடைவிடாமல் செலவழிப்பவை. அதனால் அவை முதலில் அடிபடுகின்றன.

நெல்லை அவிக்கும் வழக்கத்தை நம் முன்னோர் வைட்டமினை அறிந்து ஏற்படுத்தினார்கள் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. அவித்த நெல் எளிதில் உமி கழலும், குத்தும்போது நொய் குறையும், அரிசியை வண்டு எளிதில் அரிக்காது. வேளாண் குடும்பத்துக்கு இந்தக் காரணங்களே போதும். சோறு பசி தாங்கும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. இவற்றோடு நோய்க்காப்பும் அவர்கள் அறியாமலே கூட வந்தது. இதற்குச் சான்று அதே சென்னை மாகாணத்திலேயே இருந்தது. ஆலைப் பச்சரிசி சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரத்தின் வடக்குக் கடற்கரைப் பகுதிகளில், பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ், மலையாளப் பகுதிகளில் அரிது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், முதலில் மெக்காரிசனும் பிறகு அய்க்ராய்டும் தலைமையேற்ற காலத்தில், இந்த அரிசிப் பிரச்சினையை ஊன்றி ஆராய்ந்தது. அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னர் ஹைதராபாதுக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உமெதாரோ சுசுகி 1910-இல் டோக்கியோவில் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைச் செறிவாகப் பிரித்து, உயிர் வாழ இது இன்றியமையாதது என்று அறிவித்தார். நெல்லின் தாவரப் பெயரிலிருந்து அதற்கு 'ஒரைசானின்' என்று பெயரிட்டார். அவர் எழுதியது ஜப்பானிய மொழியில் என்பதால் ஐரோப்பாவில் உரிய கவனம் கிடைக்கவில்லை. போலந்தில் பிறந்து லண்டனில் வேலை செய்த ஃபங்க், 1912-இல் பெரிபெரி, ஸ்கர்வி, பெலாக்ரா, ரிக்கெட்ஸ் எல்லாமே ஏதோ ஒன்று குறைவதால் வருபவை என்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தார். அந்தத் துணிச்சல்தான் அவர் பெருமை. தான் பிரித்த பொருள் உயிருக்குத் தேவையான ஓர் அமீன் (நைட்ரஜன் கொண்ட ஒருவகை வேதிப்பொருள்) என்று எண்ணி 'வைட்டமின்' என்றார். பின்னர் எல்லாச் சத்துகளும் அமீன்கள் அல்ல என்று தெரிந்து ஆங்கில எழுத்தில் கடைசி எழுத்து மட்டும் நீக்கப்பட்டது, பெயர் நிலைத்துவிட்டது. யான்சனும் டோனாத்தும் எய்க்மான் வேலை செய்த அதே படேவியா ஆய்வுக்கூடத்தில், 300 கிலோ தவிட்டிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்தார்கள். ஆனாலும் அதன் மூலக்கூறில் கந்தகம் இருப்பதைத் தவறவிட்டார்கள்.

கடைசியாக ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் 1886-இல் பிறந்தவர். மணிலாவில் இளம் வேதியியலாளராக இருந்தபோது ராணுவ மருத்துவர் வெடர் அவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, இதில் வேலை செய்யும் பொருள் எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். சாகும் நிலையிலிருந்த ஒரு குழந்தைக்கு அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, சில மணி நேரத்தில் அது தேறியதை அவர் நேரில் பார்த்தார். பிறகு தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் வேதியியல் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் இதைத் தொடர்ந்தார். 1910-இல் தொடங்கியது 1936-இல் முடிந்தது: மூலக்கூறின் அமைப்பு முழுதும் தெரிந்து, செயற்கைத் தயாரிப்பும் கைகூடியது. காப்புரிமை வருமானத்தின் பெரும்பகுதி ஊட்டச்சத்துக் குறை நோய்களை எதிர்க்கும் நிதியமாயிற்று. நெல்லூர் என்ற ஊர்ப் பெயரைப் பார்த்தாவது நம் பாடநூல்கள் அவரை நினைக்கலாம்.

வினாடி வினா ஆர்வம் உள்ளவர் என்பதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவின் கிரஹாம் நிலப் பகுதியில் ஒரு கடற்கரையோரத்தில் வைட்டமின் ஆய்வாளர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். தகாகி முனை, எய்க்மான் முனை, ஃபங்க் பனியாறு ஆகியவை அங்கே உள்ளன.

இன்று வீட்டில் எந்த அரிசி வாங்குவது என்று கேட்டால், பலவித உணவு சாப்பிடும் ஒருவர் பச்சரிசி சாப்பிடுவதால் பெரிபெரி வந்துவிடாது. பருப்பு, பயறு, நிலக்கடலை, கோதுமை, முட்டை, இறைச்சி எல்லாவற்றிலும் தயமின் இருக்கிறது. பச்சைப் பயறு 100 கிராமில் ஏறத்தாழ அரை மில்லிகிராம். அரிசியை நான்கைந்து தண்ணீர் விட்டுக் கழுவுவதிலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதிலும் கணிசமாகப் போகிறது. இதில் பச்சரிசிக்கே இழப்பு அதிகம். இன்று எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் வேறு. நீண்டகாலம் அளவுமீறிக் குடிப்பவர்கள், வாரக்கணக்கில் வாந்தி நிற்காத கர்ப்பிணிகள், எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள். இவர்களில் ஒருவர் குழப்பத்தோடும் தள்ளாட்டத்தோடும் மருத்துவமனைக்கு வந்தால், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனோடு சேர்த்தோ தயமின் கொடுத்துவிடுவது மருத்துவர்களின் வழக்கம். இருப்பு தீர்ந்த உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதை எரிப்பதிலேயே செலவாகி மூளை பாதிக்கப்படக்கூடும் என்பதே அதற்குக் காரணம்.